புதுச்சேரியிலிருந்து செஞ்சி: அரண்மனையை விட்டுவிடாமல் பார்க்க ஒரு முழு நாள் வழிகாட்டி

செஞ்சிக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் ராஜகிரி மலையைப் பற்றித்தான் பேசுவார்கள். படிகள் எவ்வளவு செங்குத்து, எங்கே மூச்சு வாங்கியது, உச்சியில் காற்று எப்படி அடித்தது என்று விவரமாகச் சொல்வார்கள். மலையடிவாரத்தில் இருக்கும் அரண்மனை வளாகத்தைப் பற்றிக் கேட்டால், "ஏதோ இடிஞ்ச கட்டடமெல்லாம் இருந்துச்சு, நேரமில்ல, வந்துட்டோம்" என்பதோடு முடிந்துவிடும். அந்த இடிந்த கட்டடங்களில்தான் நாயக்கர்களும் மராட்டியர்களும் ராஜபுத்திரர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தினார்கள், நெல் சேர்த்தார்கள், குதிரை கட்டினார்கள், வழக்குக் கேட்டார்கள். மலை உச்சி என்பது ஆபத்து வந்தால் ஓடி ஏறும் இடம். வாழ்ந்ததெல்லாம் கீழே.

அந்தக் கீழ்ப்பகுதிக்கும் நேரமும் தெம்பும் மிச்சம் இருக்கும்படி நாளைத் திட்டமிடுவதற்காகவே இதை எழுதுகிறேன். புதுச்சேரி, கடலூர்க்காரர்களை மனதில் வைத்து எழுதினாலும் விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து வருகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நாள் மாலை: கடற்கரையில் ஒரு அரை மணி நேரம்

செஞ்சிப் பயணத்தை புதுச்சேரிக் கடற்கரையிலேயே தொடங்கலாம். காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா, அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சிக்கோட்டையைப் பிடித்தது. அடுத்த பத்தாண்டுகள் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்த வேங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். பின்னாளில் அவை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலையைச் சுற்றி நின்றன. இன்று காந்தியைச் சுற்றி நிற்கின்றன.

மாலையில் ஐஸ்கிரீம் கையில் வைத்துக்கொண்டு கடந்துபோகும் அந்தத் தூண்களில் ஒன்றின் அருகில் போய் நின்று, தலையை நிமிர்த்தி முழு உயரத்தையும் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒற்றைக்கல். வேலைப்பாட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வேங்கடரமணர் கோயிலில் மிச்சமிருக்கும் தூண்களுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால், பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

கடலூர்க்காரர்களுக்கும் செஞ்சியோடு இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர்கள் விலைக்கு வாங்கியது மராட்டியரிடமிருந்து. அப்போது மராட்டியர்களின் அரசர் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை உள்ள நிலம் தங்களுக்கு என்று ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்கள் அந்த விற்பனையின் தடயங்கள்.

எந்த மாதம், என்ன எடுத்துப் போவது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை ஓய்ந்த பிறகு போனால் குளங்களில் தண்ணீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம். அந்தப் பகுதி முழுக்கப் பாறை. காலை பத்து மணிக்கே கல் சூடேறிவிடும், நிழல் குறைவு.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் சமரசம் வேண்டாம். தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. பகலுக்கு வீட்டிலிருந்தே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி. கோட்டைக்குள் ஓட்டல் கிடையாது, செஞ்சி ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

உணவைக் கேரிபேக்கில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். செஞ்சிக் குரங்குகளுக்கு அந்தச் சரசரப்புச் சத்தம் நன்றாகத் தெரியும். ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மலை ஏறும்போது கையில் பிஸ்கட், வாழைப்பழம், குளிர்பான பாட்டில் எதுவும் வெளியே தெரியக்கூடாது. குரங்கு பையைப் பிடித்து இழுத்தால் பிள்ளைகள் எதிர்த்து இழுக்காமல் விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

போகும் வழி

புதுச்சேரியிலிருந்து செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். திண்டிவனம் போய், அங்கிருந்து திருவண்ணாமலைச் சாலையில் திரும்ப வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். காரில் போனால் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். திண்டிவனத்தில் இட்லி பொங்கல் முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கோட்டை திறக்கும்போது வாசலில் நிற்கலாம்.

பேருந்தில் போகிறவர்கள் புதுச்சேரி புதிய பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டி பிடிக்க வேண்டும். ஆனால் பலகையில் திருவண்ணாமலை என்று இருந்தால் மட்டும் போதாது. சில வண்டிகள் விழுப்புரம், திருக்கோவிலூர் வழியாகப் போகும், செஞ்சியைத் தொடாது. ஏறும் முன் "அண்ணே, செஞ்சி வழியா?" என்று நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நேர் வண்டி இல்லையென்றால் திண்டிவனம் போய் மாறலாம், அங்கிருந்து திருவண்ணாமலை வண்டிகள் அடிக்கடி உண்டு. கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் செஞ்சி போவதும் வசதிதான்.

கோட்டை செஞ்சி பேருந்து நிலையத்தில் இல்லை. ஊரைத் தாண்டி மேற்கே, திருவண்ணாமலைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போல. ஆட்டோ கிடைக்கும். ஏறும் முன்பே கூலி பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசி ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் மாலையில் வெயிலில் நிற்க வேண்டாம்.

இந்தச் சாலையே பழைய கோட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகிறது. வலப்புறம் கிருஷ்ணகிரி, இடப்புறம் ராஜகிரி, தென்கிழக்கில் சந்திரகிரி என்ற மூன்றாவது மலை. மூன்றையும் ஒரே மதிலால் முக்கோணமாக இணைத்திருக்கிறார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். வண்டி ஜன்னலிலிருந்தே அந்த மதில் வயலோரமாக ஓடி மலைமேல் ஏறுவது தெரியும்.

உள்ளே போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

இதைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற கோனார் தலைவர் இங்கே கோட்டையைத் தொடங்கினார் என்பது மரபு. பிறகு விஜயநகரம் வந்தது. விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆண்டபோதுதான் இன்று நாம் பார்க்கும் மதில்கள், களஞ்சியங்கள், கோயில்களில் பெரும்பகுதி எழுந்தது. 1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி அதை வென்றார். அதே ஆண்டில் புதுச்சேரியில் இருந்த பிரான்சுவா மர்த்தேன், பிரெஞ்சுக்காரர்கள் தொடர்ந்து அங்கே இருக்கச் சிவாஜியிடம் அனுமதி வாங்கினார். நம் ஊரின் தலையெழுத்தில் செஞ்சியின் கை அப்போதே பட்டுவிட்டது.

சிவாஜி வென்று வைத்த கோட்டை அவர் மகனின் உயிரைக் காத்தது. சிவாஜி இறந்த பிறகு ஔரங்கசீப்பின் படை மராட்டிய நாட்டை நெருக்க, இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். செஞ்சி மராட்டியப் பேரரசின் தலைநகரானது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். எட்டு ஆண்டுகள் ஒரு கோட்டை எப்படித் தாக்குப்பிடித்தது? இன்றைய நாள் முழுக்க இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். பார்க்கும் ஒவ்வொரு கட்டடமும் பதிலின் ஒரு துண்டைச் சொல்லும்.

அதன்பின் புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங் ஆண்டார். 1714இல் அவர் இறக்க, மகன் தேஜ்சிங் வந்தார். நம் ஊர்த் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தேசிங்குராஜா இவர்தான். கப்பப் பாக்கியை முன்வைத்து ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்தார். 1714 அக்டோபரில் நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தார். அப்போது வயது இருபத்திரண்டு என்கிறார்கள், அரியணையில் இருந்தது ஓர் ஆண்டுகூட இல்லை. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிர்விட்ட மோவத்துக்கானும், பாராசாரிக் குதிரையும் கதையில் தேசிங்குக்குச் சமமாக நிற்பவர்கள்.

செஞ்சியருகே ஓடும் சங்கராபரணி ஆறுதான் கீழே வந்து வில்லியனூர் பாலத்துக்கடியில் போகிறது. செஞ்சியாறு என்று அதற்கு இன்னொரு பெயர் இருப்பது அதனால்தான்.

சீட்டு வாங்குதல்

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ராஜகிரி வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கலாம், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கைப்பேசியிலும் எடுக்கலாம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், கிருஷ்ணகிரிக்குப் போனால் காட்ட வேண்டியிருக்கும். டிரோன், கேமரா ஸ்டாண்டு ஆகியவற்றுக்கு முன் அனுமதி தேவை.

வாசல் காவலரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஐயா, மலையேற எத்தனை மணி வரைக்கும் விடுவீங்க?" கோட்டை மூடுவது ஐந்து மணி என்றாலும், பிற்பகலில் ஒரு நேரத்துக்குமேல் யாரையும் உச்சிக்கு அனுப்ப மாட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன்பின் கூட்டம் கூடிவருவதால் கட்டுப்பாடுகளும் மாறலாம்.

முதல் தீர்மானம்: மலையா, அரண்மனையா

இரண்டும்தான், ஆனால் வரிசை முக்கியம். கால் நன்றாக இருப்பவர்கள் ஒன்பது மணிக்கே நேராக மலை ஏறிவிடுங்கள். வெயில் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உச்சியிலிருந்து பார்க்கும்போதுதான் அரண்மனை வளாகத்தின் அமைப்பு கண்ணில் பதியும். எது குளம், எது லாயம், மதில் எங்கே மடங்குகிறது என்று மேலிருந்து பார்த்துவிட்டு வந்தவருக்குக் கீழே உள்ள சுவர்கள் அந்நியமாகத் தெரியாது.

வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், சின்னக் குழந்தையோடு வந்தவர்கள் மலையைப் பற்றி மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரண்மனைப் பகுதி பெரும்பாலும் சமதளம். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் செஞ்சியைப் பார்த்ததாகவே அர்த்தம். வீட்டில் சிலர் ஏற, சிலர் கீழே இருப்பது நல்ல ஏற்பாடு. "அத்தை, நீங்க கல்யாண மகால் திண்ணையில உக்காருங்க, பன்னெண்டு மணிக்கு வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். காற்றும் நிழலும் அங்கே உண்டு.

ராஜகிரி: ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை

உயரம் சுமார் 800 அடி. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், பல இடங்களில் படி உயரம் சமமில்லை. சராசரி நடைக்கு ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், அவசரப்படாதீர்கள்.

வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் வரும். ஒவ்வொரு வாசலிலும் நின்று திரும்பிப் பாருங்கள். நேராக நுழைந்து நேராக வெளியேற முடியாதபடி பாதை திருப்பிவிடப்பட்டிருக்கும். முட்டித் திறக்க யானைக்கு ஓடிவரும் தூரம் கிடையாது, படைக்கு வரிசை கட்ட இடம் கிடையாது. மேலே போகப் போகப் பாதை ஒடுங்கும்.

கமலக்கன்னியம்மன் கோயில் வழியில் இருக்கிறது. இந்த மலைக்குப் பழைய பெயர் கமலகிரி. ராஜாக்கள் மாறினாலும் அம்மன் மாறவில்லை, இன்றும் சுற்றுவட்டார மக்கள் வந்து கும்பிடுகிறார்கள்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள். எதிரி அதுவரை வந்துவிட்டால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும். இன்று நிலையான பாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்று கீழே பார்த்தால், எட்டு ஆண்டு முற்றுகைக்கான முதல் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாவது பதில் தண்ணீர். இவ்வளவு உயரத்தில் படை தங்குவதென்றால் குடிக்க என்ன செய்வது? உச்சிக்குக் கீழே வற்றாத சுனைகள் இருக்கின்றன, மழைநீரைத் தேக்கும் தொட்டிகளைத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி. பீரங்கியோடு படம் எடுத்து முடித்ததும் கிழக்குப் பக்கம் வாருங்கள். கீழே கோபுரம்போல் கூர்ந்த கூரையோடு தெரிவது கல்யாண மகால். அதன் பக்கத்தில் குளம். அதை ஒட்டிச் செங்கல் கோடுகளாகத் தெரிவது அரண்மனைத் தளம். இந்தக் காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

பகல் சாப்பாடு

நுழைவாயிலுக்கு வெளியே மர நிழலில், அல்லது காரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நினைவுச்சின்னங்களுக்குள் பிரிக்க வேண்டாம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் காலை நீட்டுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் "போதும்டா சாமி" என்று வண்டியைக் கிளப்புகிறார்கள். நாளின் நல்ல பாதி இனிமேல்தான்.

அரண்மனை: ஒன்றரையிலிருந்து நாலு வரை

*அரண்மனைத் தளம்.* தொல்லியல் துறை அகழ்ந்து வெளிப்படுத்திய அடித்தளங்கள் இங்கே இருக்கின்றன. கட்டிப் பாதியில் நின்ற வீட்டின் அஸ்திவாரம் போலத் தரையோடு தரையாக அறைகளின் கோடுகள் மட்டும் தெரியும். சுவர்கள் போய்விட்டன. அதனால்தான் மக்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, வாசல் எது, முற்றம் எது என்று கணித்துக்கொண்டே நடந்து பாருங்கள். பிள்ளைகளிடம் "அடுக்களை எங்க இருந்திருக்கும்?" என்று கேட்டால் அவர்களே கண்டுபிடிப்பு வேலையில் இறங்கிவிடுவார்கள். இந்தப் பகுதியில் சுமார் 15 அடிச் சதுரத்தில் வழவழப்பான ஒரு கல்பலகை உண்டு. கனம் வெறும் நாலு விரற்கடை. ராஜா குளித்த கல் என்பது வழக்கு. அந்த அகலத்துக்கு அவ்வளவு மெல்லியதாகக் கருங்கல்லை உடையாமல் எடுத்தவர் கையை நினைத்து வியக்காமல் நகர முடியாது.

*கல்யாண மகால்.* செஞ்சியில் ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பெயரைக் கேட்டுத் திருமண மண்டபம் என்று நினைக்கிறார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் தங்கிய இடம் இது. சதுர முற்றம், நான்கு பக்கமும் அறைகள், நடுவில் ஏறக்குறைய 80 அடி உயரத்தில் மாடிமாடியாக எழும் கோபுரம், உச்சியில் கூம்புக் கூரை. ஒவ்வொரு மாடியிலும் நடுவில் சிறிய அறை, சுற்றிலும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். எந்தத் திசைக் காற்றும் உள்ளே நுழைந்து மறுபக்கம் போகும். உச்சி வெயிலில் உள்ளே போய் நின்றால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். கூம்புக் கூரையில் கோயில் விமானச் சாயல், வளைவுகளில் சுல்தானியச் சாயல். இரண்டும் சண்டையில்லாமல் ஒரே கட்டடத்தில் நிற்கின்றன.

இனி சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இந்த மாடிகளுக்குச் சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியது, ஆறாவது மாடி வரை. மலைச்சரிவிலுள்ள சக்கரக்குளத்தின் மேடான நீர், கீழே இருக்கும் இந்தக் கட்டடத்தில் தன் மட்டத்தைத் தேடித் தானே ஏறும். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடங்களில் குழாய் பதித்த தடத்தைத் தேடுங்கள். பள்ளியில் படித்த நீர்மட்டப் பாடத்தை இங்கே வைத்துச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. மாடிக்கு ஏறும் படி குறுகல், செங்குத்து. பூட்டியிருந்தால் காவலரிடம் வாதாட வேண்டாம், முற்றத்திலிருந்தே அமைப்பு முழுதும் புரியும்.

*லாயங்கள்.* மகாலை அடுத்து வரிசையாக வளைவுக்கூரை அறைகள். குதிரை கட்டிய இடம் என்கிறார்கள், வீரர்கள் தங்கியதாகவும் சொல்வதுண்டு. ஓர் அறையில் நின்று அடுத்தடுத்த வளைவுகளைப் படம் எடுக்கப் பிற்பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

*களஞ்சியம்.* மூன்றாவது பதில் இது. மலை அடிவாரத்தில் மலைக்குத் தம்பிபோல் உட்கார்ந்திருக்கும் பெரும் கட்டடம். உள்ளே போகும்போது கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், வௌவால் நாற்றம் இருக்கும். வாசலைத் தாண்டும்போது சுவரின் கனத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். மேலே உருளைக் கூரை, ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஈரமும் எலியும் நெருப்பும் நெல்லைத் தொடக்கூடாது என்பதுதான் கட்டியவரின் ஒரே கவலையாக இருந்திருக்கிறது. ஒருமுறை குரல் கொடுத்தால் எதிரொலி சுற்றிச் சுற்றி வரும். இங்கே ஒன்று, மலை உச்சியில் ஒன்று, கிருஷ்ணகிரியில் வேறு. கிருஷ்ணகிரியில் எண்ணெய்க்கும் நெய்க்கும்கூடப் பாறையில் கிணறு வெட்டியிருக்கிறார்கள். முற்றுகைக்காரர்கள் ஏன் எட்டு ஆண்டு காத்திருந்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம் இரண்டையும் நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

*வேணுகோபாலசுவாமி கோயில்.* சிறியது, ஆனால் தவறவிடக்கூடாதது. கண்ணன் குழலூத, தேவியர் உடன் நிற்கும் புடைப்புச் சிற்பம் ஒரே பலகைக் கல்லில். விரல்கள் குழலைப் பிடித்திருக்கும் நளினத்தை அருகில் போய்ப் பாருங்கள், தொடாமல்.

வெளிக்கோட்டை: தூண்கள் போன கோயிலும் ஒரு மசூதியும்

கிழக்குப் பக்கமாக வந்தால் புதுச்சேரி வாசல். பிரெஞ்சுக்காரர்கள் கையில் கோட்டை இருந்தபோது இதைப் பலப்படுத்தியதாகக் கருதுகிறார்கள். இதன் அருகில் சாதத்துல்லா கான் மசூதி, 1717–18இல் தேசிங்கை வென்றதன் நினைவாகக் கட்டியது. பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது.

வேங்கடரமணர் கோயில் கோட்டைக்குள் இருக்கும் கோயில்களில் பெரியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாசலுக்குள் நுழையும்போது இரண்டு பக்கச் சுவர்களிலும் ராமாயணக் காட்சிகளும் திருமால் அவதாரங்களும் சிறு சிறு சட்டங்களில் செதுக்கப்பட்டிருக்கும். நேற்று எடுத்த கடற்கரைத் தூண் படத்தைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். வெற்றி பெற்றவர்கள் கல்லைப் பெயர்த்துப் போவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதான். ஆனால் மூலக் கோயிலில் நின்று அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அந்தத் தூண்களுக்கடியில், அவை எங்கிருந்து வந்தன என்று வருகிறவர்கள் எல்லாரும் நின்று படிக்கும்படி பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தெம்பு மிச்சமிருந்தால் செட்டிக்குளம், சக்கரக்குளம் பக்கம் போகலாம். செட்டிக்குளத்தின் கரையிலுள்ள மேடையில்தான் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டது, அவர் மனைவியும் அங்கேயே தீயில் இறங்கினார் என்று சொல்கிறார்கள். அந்த ராணியின் பெயரால்தான் ராணிப்பேட்டை என்பது வழக்கு. சக்கரக்குளத்தருகே பாறைமேல் நிற்கும் ஓர் உருண்டைக் கல், நடுவில் இயற்கையான துளை, மேலே செங்கல் வளையம். கைதிகளைத் தூக்கிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட கிணறு என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கிருஷ்ணகிரியை என்ன செய்வது

அதே நாளில் ராஜகிரியும் ஏறிவிட்டு கிருஷ்ணகிரியும் ஏற வேண்டாம் என்பேன். முடியாது என்பதல்ல, அரண்மனைக்கான நேரத்தைத் தின்றுவிடும். ராஜகிரி உங்களுக்கு அதிகம் என்று தோன்றினால், அதற்குப் பதிலாகக் காலையில் கிருஷ்ணகிரி ஏறலாம். உயரம் குறைவு, படி மட்டும் செங்குத்து. உச்சியிலுள்ள கொலு மண்டபத்தின் குவிமாடமும் அதன் சாளரங்களில் வரும் காற்றும் அந்த ஏற்றத்துக்குத் தகும்.

திரும்பும் வழி

நாலரைக்கு வெளியே வந்துவிட்டால் இரண்டு யோசனைகள். செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த ரங்கநாதர் கோயில் இருக்கிறது, பல்லவர் காலத்தது. மலையோடு சேர்த்துச் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள், நீளம் 24 அடி என்கிறார்கள். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு இங்கே வந்து வணங்க, "போகாதே" என்பதுபோலப் பெருமாள் முகம் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. ஏற ஒரு சிறு படிவரிசை மட்டுமே. மாலைப் பூசைக்குத் திறக்கும் நேரத்தைச் செஞ்சியிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடலூர் போகிறவர்களும் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி திரும்புகிறவர்களும் மண்டகப்பட்டில் ஒரு பத்து நிமிடம் நிறுத்தலாம். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் எழுதிவைத்த குடைவரை அது. சாலையிலிருந்து சற்று உள்ளே, பாறையடியில் இருக்கிறது. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், பேருந்தில் வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் ஐந்து மணிக்கே ஆட்டோக்காரருக்குப் போன் போட்டு, செஞ்சி நிலையத்திலிருந்து திண்டிவனம் வண்டியோ விழுப்புரம் வண்டியோ எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடலாம். இரண்டு ஊரிலிருந்தும் இரவில் புதுச்சேரிக்கு வண்டி உண்டு.